நெற்குன்றூர் வாசகர்

அவள் செருப்பு மட்டும் தெரிகிறது. என் மேஜைக்கும் வரவேற்பறைக்கும் நடுவில் இருக்கும் பிளைவுட் தடுப்பு தரையைத் தொடாமல் ஒரு சாண் உயரத்திலேயே நின்றுவிடுவதால், பத்தொன்பது வருஷமாக இந்தப் பத்திரிகை ஆபீசுக்கு வந்து போகிறவர்களை நான் காலை வைத்துத்தான் அடையாளம் சொல்வேன். கவிஞர்கள் காலை ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். விளம்பரக்காரர்கள் ஷூவைத் துடைத்துவிட்டு வருவார்கள். இவளுடையது நீல வார் ரப்பர் செருப்பு, வலது வாரில் ஊக்கு குத்தியிருக்கிறது, நாலு மணி நேரமாக அது அசையவே இல்லை. பெயர் மங்கையர்க்கரசி, ஊர் நெற்குன்றூர், விடிகாலை பஸ் பிடித்து வந்தாளாம். வரவேற்பில் இருக்கும் எலிசபெத் மூன்று தடவை தடுப்புக்கு மேல் தலையை நீட்டி, "அந்தம்மா போக மாட்டேங்குறாங்க சார், சாப்பிடவும் போகல" என்று சொல்லிவிட்டாள். மூன்று தடவையும் மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லச் சொன்னேன். என்ன மீட்டிங், மண்ணாங்கட்டி மீட்டிங். அவள் கேட்பது ஒரு முகவரி. ஆவணி மாதத்து வார இதழ் ஒன்றில், 'உங்கள் குரல்' பகுதியில், 'ஏழாவது சாவி' தொடர்கதையைப் பற்றிக் கடிதம் எழுதியிருந்த கு. தணிகாசலம், நெற்குன்றூர் என்பவரின் முகவரி. கொடுத்துவிடலாம். ஒரே ஒரு சங்கடம்தான். கு. தணிகாசலம் என்று உலகத்தில் ஒருவர் கிடையாது. அவரை நான்தான் பெற்றேன், ஒரு புதன்கிழமை சாயங்காலம், டீ வருவதற்குக் கொஞ்சம் முன்னால்.

மணி மூன்று. நாலு மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போக வேண்டும். என் முன்னால் இந்த வாரத்துக் கடிதக் குவியல், முக்கால்வாசி 'ஏழாவது சாவி'தான். முன்னூறு வருஷமாக ஏழு குடும்பங்கள் ஒரு கோயிலின் உண்மையான மூலவரை நிலவறையில் பூட்டி வைத்துவிட்டு, வெளியே போலியை வைத்துப் பூஜை நடத்துகிறார்களாம். அதைக் கண்டுபிடிக்கிறவர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்களாம். நித்யகலா என்ற ஆராய்ச்சி மாணவி கையில் டார்ச்சோடு வாராவாரம் ஒரு படி இறங்குகிறாள். எழுதுகிறவர் அரவிந்தப்ரியன், பகலில் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். திண்டுக்கல்லிலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் எழுதுகிறார்: தெய்வத்தோடு விளையாடாதீர்கள், உங்கள் பத்திரிகையை என் வீட்டு வாசலிலேயே கிழித்துப் போட்டேன். கிழித்துப் போட்டவர் அடுத்த வரியில் போன வார அத்தியாயத்தின் பிழைகளைப் பக்க எண்ணோடு சொல்கிறார். தேனியிலிருந்து ஒரு குடும்பத் தலைவி, நித்யகலா தனியாக இறங்கியபோது அடுப்பில் குழம்பு அடிப்பிடித்துவிட்டதாம், ஆசிரியர் புதுச் சட்டி வாங்கித் தர வேண்டுமாம். அரக்கோணத்தில் ஒருவர், பதினோரு வாரமாகப் பூட்டைத் திறக்கிறேன் திறக்கிறேன் என்கிறார், சாவி துருப்பிடித்துவிடப் போகிறது என்கிறார். ஒரு கல்லூரி மாணவர் பச்சை மையில், அந்த ஏழு குடும்பங்கள் யாரென்று எனக்குத் தெரியும், எழுதினால் நீங்கள் போடுவீர்களா என்று கேட்கிறார். பரமக்குடியில் ஒரு பாட்டுவாத்தியார், இப்போதெல்லாம் சந்நிதியில் நின்றால் கும்பிட முடியவில்லை, இது நிஜம்தானா என்ற எண்ணமே வருகிறது, என் நிம்மதியைக் கெடுத்துவிட்டீர்கள் என்று எழுதியிருக்கிறார். அதை மட்டும் இரண்டு தடவை படித்தேன். கையெழுத்து நடுங்கியிருக்கிறது. நான் இன்னும் மதியம் சாப்பிடவில்லை. சாப்பாட்டு டப்பா மேஜைக்கு அடியில் அப்படியே இருக்கிறது. அவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கும்போது தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் எப்படித் திறப்பது, எலுமிச்சை சாதம், வாசனை போகும்.

இந்தப் பக்கத்துக்கு ஒரு பக்குவம் உண்டு. இரண்டு பாராட்டு, ஒரு திட்டு, ஒரு கிண்டல், கடைசியில் ஒரு 'எங்கள் ஊரிலும் இப்படி'. முதல் நாலும் தபாலிலேயே வந்துவிடும். ஐந்தாவதுதான் வராது. வந்தாலும் நாலு பக்கத்துக்கு வந்து, தாத்தா கனவில் தொடங்கி நிலத்தகராறில் முடியும். அதனால் ஐந்தாவதை நான் எழுதிவிடுவேன். ரகசியம் ஒன்றுமில்லை, பத்திரிகை ஆசிரியருக்குத் தெரியும், எல்லாப் பத்திரிகையிலும் யாரோ ஒரு உமாபதி உட்கார்ந்து எழுதிக்கொண்டுதான் இருப்பான். ஊர்ப் பெயருக்கு மேஜையில் பழைய ரயில்வே கால அட்டவணை வைத்திருக்கிறேன். கண்ணை மூடிப் பிரித்து விரலை வைப்பேன், எந்த ஸ்டேஷனோ அந்த ஊர். பாசஞ்சர் வண்டி மட்டும் நிற்கிற ஊராக இருந்தால் நல்லது, யாரும் கேட்டுக்கொண்டு வர மாட்டார்கள். அப்படித்தான் நினைத்திருந்தேன். அன்றைக்கு விரல் நெற்குன்றூரில் நின்றது. எழுதினேன்: எங்கள் ஊர்ச் சிவன் கோயிலிலும் ஒரு காவல்காரர் இருக்கிறார், இடுப்பில் எப்போதும் ஒரு பழைய சாவி, எந்தப் பூட்டுக்கு என்று கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவார், குளிக்கும்போதுகூட அவர் அதை அவிழ்ப்பதில்லை, நிலவறை கதையில் மட்டும்தானா இருக்கிறது? அவ்வளவுதான். அந்த ஊரில் சிவன் கோயில் இருக்கிறதா என்றே எனக்குத் தெரியாது. ஆனால் எந்த ஊரில் இல்லை, எந்தக் கோயில் காவல்காரன் இடுப்பில் சாவி இல்லை. இதெல்லாம் இப்போது யோசிக்கிறேன். அன்றைக்கு யோசித்தது டீயைப் பற்றி. அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, அரவிந்தப்ரியன் படித்துவிட்டு போனில் குதித்தார். "உமாபதி, யாருய்யா அந்த நெற்குன்றூர்க்காரரு? பிரமாதம்!" இரண்டே வாரத்தில் கதைக்குள் ஒரு காவல்காரன் வந்துவிட்டான், இடுப்பில் சாவி, வாயில் சிரிப்பு, ஏழு குடும்பங்களின் கையாள். வாசகர்கள் எழுதித் தள்ளினார்கள், நெற்குன்றூர் அன்பர் அன்றே சொன்னாரே, ஆசிரியர் மறைமுகமாக அந்த ஊரைத்தான் சொல்கிறார், இது கற்பனை அல்ல. அந்தக் கடிதங்களையும் நான்தான் திருத்திப் போட்டேன். ஒற்றெழுத்தெல்லாம் சரிபார்த்துப் போட்டேன்.

ஆறு பேர், ஒரு ஜீப்பு, கையில் எங்கள் பத்திரிகை. இது வெளியே உட்கார்ந்திருக்கும் மங்கையர்க்கரசி போன மாதம் போனில் சொன்னது. அவள் அப்பா பெயர் வைத்தியலிங்கம், முப்பத்தொரு வருஷமாகக் கோயில் காவல். நிலவறை எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். அவர் சிரித்தாராம். யார்தான் சிரிக்க மாட்டார்கள்? ஆனால் சிரிப்பார் என்று அச்சில் வந்திருக்கிறதே. சாவியைப் பிடித்து இழுத்தபோது படிக்கட்டில் விழுந்து இடுப்பெலும்பு போய்விட்டது. "மடப்பள்ளி சாவி சார் அது. அரிசி மூட்டைக்கு எலி வருதுன்னு பூட்டி வெச்சாரு. வேற ஒண்ணும் இல்ல சார்." திறந்து பார்த்தவர்கள் இரண்டு மூட்டை அரிசியையும் ஒரு எண்ணெய் டின்னையும் பார்த்துவிட்டு, இவ்வளவு சாதாரணமாக இருப்பதே சந்தேகம் என்று தரையைக் கடப்பாரையால் பெயர்த்தார்களாம். இதை அவள் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது, தொண்டையிலேயே நிறுத்திக்கொண்டேன், அந்தச் சிரிப்பு இன்னும் அங்கேயே கிடக்கிறது. ஆனால் அவள் போன் செய்தது அதற்காக அல்ல. தள்ளிவிட்டவர்களைப் பற்றி அவள் அப்பாவுக்குக் கோபமே இல்லையாம், முகம் தெரியாத பயல்கள். எழுதினது யார் என்பதுதான். ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு ஊரில் உள்ள ஒவ்வொரு வீடாக மனசுக்குள் ஏறி இறங்கியிருக்கிறார். தணிகாசலம் என்ற பெயரில் ஊரில் யாரும் இல்லை, அப்படியானால் பொய்ப் பெயர், தெரிந்தவன்தான். குளிக்கும்போதுகூட அவிழ்ப்பதில்லை என்று எழுதியிருக்கிறான். அவர் குளிப்பது விடியுமுன் கோயில் குளத்தில். கூடக் குளிக்கிறவர் ஒரே ஒருவர், உடன்பிறந்த தம்பி. "சித்தப்பா கையால தண்ணி கொடுத்தா வாயை இறுக்கி மூடிக்கிறாரு சார். நாப்பது வருஷமா ஒரே வீட்ல ஒரே தட்டுல தின்னவங்க. சித்தப்பா கட்டில் காலைப் புடிச்சுக்கிட்டு அழுவுறாரு. இவரு செவுத்தைப் பார்த்துத் திரும்பிக்கிறாரு." அந்த முகவரியைக் கொடுங்கள், எழுதினவரைக் கொண்டுவந்து நிறுத்தினால் போதும் என்றாள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தேன். வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா, விழுப்புரம். அவர் இப்போது விழுப்புரத்துக்குக் குடிபோய்விட்டார், பதினாலாம் நம்பர், பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற தெரு என்று, கால அட்டவணை பார்க்காமலே, சரளமாக. பத்தொன்பது வருஷப் பழக்கம்.

நாலு நாளைக்கு முன்னால் அவள் மறுபடி போன் செய்தாள், பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். விழுப்புரத்தில் அந்தத் தெருவில் பதினாலாம் நம்பர் இருந்திருக்கிறது. ஒரு தையல்காரர் குடியிருக்கிறார். தன் பேரில் விழுந்த பழியைத் துடைக்க வேண்டுமென்று சித்தப்பாதான் போனாராம், நீதானே தணிகாசலம் என்று கேட்டு, அந்த மனுஷன் முழிக்க, ஓங்கி அறைந்துவிட்டாராம். கண்ணாடி உடைந்து புருவத்தில் நாலு தையல், தையல்காரருக்கே தையல். பார், இந்த நேரத்திலும் வார்த்தை இப்படித்தான் வருகிறது, இந்தப் புத்தியைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும். முகவரி பொய் என்று தெரிந்ததும் வைத்தியலிங்கத்துக்கு உறுதியாகிவிட்டது, தம்பி நாடகம் ஆடுகிறான், பத்திரிகைக்காரனும் அவனும் கூட்டு. நேற்று பத்திரிகை ஆசிரியரிடம் போனேன். அவர் பல் குத்திக்கொண்டே கேட்டார், கேட்டுவிட்டு இதழின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி விரலை வைத்தார். பொடி எழுத்தில் போட்டிருக்கிறது: கடிதங்களில் உள்ள கருத்துகளுக்கு அவற்றை எழுதியவர்களே பொறுப்பு. "நமக்கு என்னய்யா வந்துது? எழுதினவன் பொறுப்பு." எழுதினவன் நான் சார் என்றேன். அவர் என்னைப் பார்க்காமல், "நீ எழுதல. வாசகர் எழுதினாரு. ரிடையர் ஆக மூணு வருஷம் இருக்குல்ல உனக்கு?" என்றார். அந்த வரியை அச்சில் ஏற்றியதும் நான்தான், சேர்ந்த புதிதில், வேறு பத்திரிகையைப் பார்த்து. போலீசு வருமா? வரலாம். வேலை போகுமா? போகும், நான் சொன்னால். வீட்டில் மனைவி சுலோசனாவிடம் என்ன சொல்வது, அவள் ஒவ்வொரு வாரமும் என் பக்கத்தைப் படித்துவிட்டு, நம்ம நெற்குன்றூர்க்காரர் இந்த வாரம் எழுதலையா என்று கேட்கிறாள், அவளுக்கும் அவரைப் பிடித்துப்போய்விட்டது. பயம் வேலைக்காகத்தானா என்று கேட்டுக்கொண்டால் அதுவும் இல்லை. அந்தக் கிழவர் கை. படுக்கையில் தூங்கும்போதும் கை இடுப்பையே தேடுகிறதாம், சாவி இருந்த இடத்தை. அதை அவள் ஏன் சொன்னாள், போனில், போகிற போக்கில், சொல்லாமல் இருந்திருக்கலாம். நாலு நாளாக நான் எதையாவது தேடி என் இடுப்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறேன். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது, இன்னும் எத்தனை நாளோ என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். போய்விட்டால்? போய்விட்டால் அவளும் வர மாட்டாள், முகவரியும் வேண்டாம். சீ. இப்படியும் ஒரு நினைப்பு வருமா ஒரு மனுஷனுக்கு. வருகிறது, வந்துவிட்டது, தடுப்புக்கு அந்தப் பக்கம் செருப்பு அப்படியே இருக்கிறது.

"சார், உங்க பக்கத்துல மூணு வரி காலி!" பக்கம் ஒட்டுகிற வேலாயுதம் எப்போதும் போல அந்தக் கோடியிலிருந்து கத்துகிறார். ஒவ்வொரு புதன்கிழமையும் இதுதான், ஒட்டிப் பார்த்தால் இரண்டோ மூன்றோ வரி காலியாக நிற்கும், எதையாவது நீட்ட வேண்டும். திண்டுக்கல்லை நீட்டலாம், இன்னும் ஒரு வசை. தேனிச் சட்டியை நீட்டலாம். பேனாவை எடுத்தேன். பரமக்குடி பாட்டுவாத்தியார் சந்நிதியில் நின்று என்ன நினைத்தார் என்று அவருக்காக ஒரு வரி நானே சேர்க்கலாம் என்று மனசு தானாக ஓடுகிறது, நல்ல வரியாகவும் வருகிறது, கற்பூரம் காட்டும்போது கண்ணை மூடிக்கொள்கிறேன் என்று. அவர் மூடிக்கொள்ளாவிட்டால்? அவர் மனைவி படித்துவிட்டு, ஏன் இப்படி எழுதினீர்கள் என்று கேட்டால்? பேனாவை வைத்துவிட்டேன். "பூப் போட்டுடுங்க வேலாயுதம்" என்றேன். கட்டைப் பூ ஒன்று உண்டு, காலி இடத்துக்கு ஒட்டுவதற்கென்றே. "பூவா? நீங்களா சார் சொல்றீங்க?" என்று அவர் ஆச்சரியப்பட்டார். பூப் போட்டால் பக்கம் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும் என்று பத்தொன்பது வருஷமாக அவரைத் திட்டியவன் நான். சரி, ஒட்டிவிட்டார். பக்கம் போய்விட்டது. மணி நாலு அடிக்க ஐந்து நிமிஷம், தடுப்புக்கு அடியில் பார்த்தேன், செருப்பைக் காணோம். போய்விட்டாளா? வயிற்றுக்குள் ஒரு நிம்மதி பரவியது, அதை நான் மறைக்கப் போவதில்லை, பரவியது. தலையை நிமிர்த்தினால் எதிரே நிற்கிறாள்.

முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் துணிப்பை. எலிசபெத் பின்னாலேயே ஓடி வந்து, "நான் சொல்லச் சொல்ல உள்ளே வந்துட்டாங்க சார்" என்றாள். பரவாயில்லை, நீ போம்மா என்றேன். நாற்காலியைக் காட்டினேன், அவள் உட்காரவில்லை. கத்துவாள் என்று நினைத்தேன், கத்தினால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும். "நீங்கதானே உமாபதி சார்? போன்ல பேசினேனே. விழுப்புரத்து அட்ரஸ் தப்பு சார்." தெரியும்மா. "அந்தத் தையக்காரர் பாவம் சார். சித்தப்பா போயி மன்னிப்புக் கேட்டுட்டு வந்துட்டாரு. இந்தத் தடவை சரியான அட்ரஸா பார்த்துக் கொடுங்க." எதற்கு, என்ன செய்யப் போகிறீர்கள் என்றேன், அதையும் கேட்டுத் தொலைத்தேன். "ஒண்ணும் செய்ய மாட்டோம் சார். சத்தியமா. அப்பா முன்னாடி வந்து, நான்தான் எழுதினேன், உன் தம்பி எழுதலன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான். சித்தப்பா கையால ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போவட்டும்." துண்டுக் காகிதத்தை எடுத்தேன். இடது கை தானாகக் கால அட்டவணை மேல் போய் உட்கார்ந்தது. திருத்தணி, திட்டக்குடி, தென்காசி. எந்தத் தெருவை எழுதினாலும் அங்கே ஒரு வீடு இருக்கும், எந்த நம்பரை எழுதினாலும் கதவைத் திறக்க ஒரு மனுஷன் வருவான், கண்ணாடி போட்டிருப்பான். இத்தனை வருஷத்தில் இது எனக்குத் தோன்றவே இல்லையே. வைத்தியலிங்கத்தைப் போல எத்தனை ஊரில் எத்தனை பேரோ. எனக்குத் தெரிந்து, யார் வந்து அறைந்தாலும் தப்பான ஆளை அறைந்தது ஆகாத வீடு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. எழுதினேன். பழைய எண், புதிய எண், மாடி, மேற்கு மாம்பலம்.

அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். "மெட்ராஸ்லயே இருக்காரா? இப்ப போனா வீட்ல இருப்பாரா சார்?" ஆறு மணிக்கு மேல் இருப்பான் என்றேன். இருப்பான் என்று சொன்னதும் அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "பேரு எழுதலையே சார், யாருன்னு கேக்கறது?" காகிதத்தைத் திரும்ப வாங்கினேன். க. உமாபதி என்று எழுதிக் கொடுத்தேன். எங்கோ மின்விசிறி சுற்றுகிற சத்தம், வேலாயுதம் இருமுகிற சத்தம், மற்றதெல்லாம் சாதாரணமாக நடந்துகொண்டிருக்கிறது. இரண்டு தடவை படித்தாள். பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். அடிப்பாள் என்று முகத்தைத் தயாராக வைத்திருந்தேன். "எங்க அப்பாவை நீங்க பார்த்திருக்கீங்களா சார்?" இல்லைம்மா. "எங்க ஊருக்கு வந்திருக்கீங்களா?" இல்லை. "அப்ப, சாவி கட்டியிருந்தது?" குத்துமதிப்பாக எழுதினேன். அவள் வெகுநேரம் மேஜையில் இருந்த பாட்டுவாத்தியார் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், படித்தாளா தெரியாது. "அது கிடக்கட்டும் சார். குளிக்கும்போதுகூட அவுக்க மாட்டாருன்னு எழுதினீங்களே. அதாலதானே சித்தப்பாவை... அது எப்படி சார் உங்களுக்குத் தெரிஞ்சுது?"

சொல்லாமல் இருக்க முடியவில்லை. கோயில், குடும்பம், சதி என்று எதையாவது பெரிதாகச் சொல்ல வாய் தேடியது, ஒன்றும் கிடைக்கவில்லை. "கடிதம் முடிஞ்சுபோச்சும்மா. பக்கத்துல மூணு வரி காலியா இருந்துச்சு. அதுக்காக அதைச் சேர்த்தேன்" என்றேன்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அழவில்லை, தலையை மட்டும் மெதுவாக ஆட்டினாள். "இதை எங்க அப்பா நம்ப மாட்டாரு சார்" என்றாள். "இதுக்காகவா ஒருத்தன் எழுதுவான்னு கேப்பாரு. சித்தப்பாதான் ஆளைப் புடிச்சு, சொல்லிக் கொடுத்துக் கூட்டியாந்திருக்கான்னு சொல்லுவாரு." முகத்தைத் துடைத்துக்கொண்டு, கடைசி வண்டி ஏழரைக்கு, இருந்தாலும் வந்து சொல்லிப் பாருங்கள் சார் என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நான் மேஜைக்கு அடியில் குனிந்து என் செருப்பைத் தேடினேன்.